மர அம்புத்தண்டுகளுக்கு ஈரம் ஏறாமல் பூச்சு: எண்ணெயா, அரக்கா, வார்னிஷா?

புதுவில் (கேள்வி)

வணக்கம். சில மாதங்களாகச் சதுரக் குச்சிகளை இழைப்புளியால் முதலில் எட்டுப் பட்டையாகவும் பிறகு பதினாறு பட்டையாகவும் சீவி, உப்புத்தாளுக்குள் வைத்து உருட்டித் தேய்த்து, 8.7 மி.மீ. விட்டமுள்ள அம்புத்தண்டுகளை நானே செய்து வருகிறேன். மரம் நேரான இழையோட்டம் உள்ள மென்மர வகை. ஒவ்வொரு தண்டின் நீளமும் 78 செ.மீ.; எடை ஏறக்குறைய 24 கிராம்.

முதலில் செய்த பன்னிரண்டு அம்புகளுக்கும் காய்ச்சிய ஆளி விதை எண்ணெயை மூன்று முறை துணியால் தேய்த்து, மறுவாரம் தேன்மெழுகு பூசி மெருகேற்றினேன். பார்ப்பதற்கு மிக அழகாகவே இருந்தன. ஆனால் தொடர்ந்து ஒரு வாரம் மழை பெய்து ஓய்ந்த பிறகு எடுத்துப் பார்த்தபோது, கண்ணாடிப் பலகையில் உருட்டினால் நான்கு தண்டுகள் தடதடவென்று துள்ளின. அவற்றில் ஒன்றின் நடுப்பகுதிக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு பென்சில் முனை நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. எடை போட்டபோது பன்னிரண்டும் ஒரு கிராமுக்குக் குறையாமல் ஏறியிருந்தன. அம்புகள் ஒருநாளும் மழையில் நனையவில்லை. அறைக்குள், தூணியில்தான் இருந்தன.

இதற்குப் பரிகாரமாக இரண்டு தண்டுகளின் மேல் வார்னிஷ் அடித்துப் பார்த்தேன். அது இன்னொரு வம்பாகிவிட்டது: அந்தப் பூச்சின் மேல் ஒட்டிய இறகுகளுள் ஒன்று மூன்றாவது எய்தலிலேயே தோல் உரிவதுபோல அடியோடு கழன்று வந்துவிட்டது. பசை இறகோடு இருந்தது. வார்னிஷும் பசையோடு ஒட்டிக்கொண்டே வந்திருந்தது. தண்டு வெறுமையாக இருந்தது.

ஈரத்தை உண்மையிலேயே தடுக்கக்கூடிய பூச்சு எது, அதை எந்த வரிசையில் செய்ய வேண்டும், இறகும் முனையும் ஒட்டுவதற்கு முன்பா பின்பா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இழைப்புளி (பதில் 1)

நான் வில்லாளி அல்லன், மரவேலை செய்பவன். ஆகவே மரத்தின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், எய்தலைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

முதலில் உங்கள் கேள்வியிலேயே ஒரு சிறு திருத்தம். ஈரத்தை முற்றிலும் தடுக்கும் மேற்பூச்சு என்று எதுவும் கிடையாது. எல்லாப் பூச்சுகளும் ஈரம் ஏறும் வேகத்தைத்தான் குறைக்கின்றன. காற்றில் எவ்வளவு ஈரப்பதம் இருக்கிறதோ அதற்கேற்ற அளவு நீரை மரம் ஏற்றுக்கொண்டோ இறக்கிக்கொண்டோ சமநிலைக்கு வந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது மரத்துக்குள் அதன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 9 சதவீதம் நீர் இருக்கும். காற்று 80 சதவீதத்துக்குப் போனால் மரம் 16 சதவீதத்தை எட்டும். உங்கள் 24 கிராம் தண்டு ஒரு கிராமுக்கு மேல் ஏறியதில் வியப்பே இல்லை. மழையில் நனைய வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நீராவியே போதும். தேவையானது, ஒரு வார மழை முடிவதற்குள் மரம் அந்தச் சமநிலையை எட்டிவிடாதபடி அதைத் தாமதப்படுத்தும் பூச்சு. அவ்வளவு தாமதம் கிடைத்தால் நடைமுறையில் அது தடுப்பதற்குச் சமம்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். ஆளி விதை எண்ணெய் மரத்துக்கு நிறத்தையும் ஆழத்தையும் தரும். மேலே விழுந்த நீர்த்துளி சற்று நேரம் உருண்டு நிற்கும். அந்தத் துளியைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாந்துபோகிறோம். நீராவியைப் பொறுத்தவரை எண்ணெய் பூசிய மரமும் பூசாத மரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்காவின் மாடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகம் பல்வகைப் பூச்சுகளை வைத்துச் செய்த சோதனைகளிலும் ஆளி விதை எண்ணெய் பட்டியலின் அடியில்தான் இருந்தது. உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுத்தது மிக மேலே இருந்தது. ஆனால் மெழுகில் முக்கிய தண்டில் இறகு ஒட்டாது என்பதால் அது உங்களுக்குப் பயன்படாது. தேன்மெழுகைத் துணியால் தேய்த்தால் நிற்கும் படலமோ மிக மெல்லியது. அதை மெருகு என்று சொல்லலாமே தவிர அரண் என்று சொல்ல முடியாது.

அடுத்தது வளைவு. இழையின் திசையில் மரம் மிகக் குறைவாகவே நீளும், சுருங்கும். அதனால்தான் தண்டுகளை நீளவாக்கில் எடுக்கிறோம். ஆனால் மெல்லிய தண்டில் அந்தக் குறைந்த அளவே போதும். 75 செ.மீ. நீளமும் 8.7 மி.மீ. விட்டமும் உள்ள தண்டில், ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட வெறும் 0.4 மி.மீ. அதிகம் நீண்டால் நடுவில் 4 மி.மீ.க்கும் சற்று மேல் வளைவு விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள், எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. தண்டின் ஒரு பக்கத்தில் இழை சாய்ந்து வெளியேறினாலோ, சாய்ந்து வளர்ந்த மரத்தின் அடிப்புறத்தில் உருவாகும் செறிந்த, செம்பழுப்பான மரம் ஒரு பக்கமாக அமைந்துவிட்டாலோ இந்த வேறுபாடு வந்துவிடும். ஆகவே வளைந்த நான்கு தண்டுகளையும் ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இழைக்கோடுகள் முழு நீளத்துக்கும் ஓடாமல் பாதியில் பக்கவாட்டில் முடிந்தால் எந்தப் பூச்சும் அதற்கு மருந்தாகாது.

மிக முக்கியமானதைக் கடைசியாகச் சொல்கிறேன்: குறுக்குவெட்டு முகம். மரத்துக்குள் நீர், இழைக்குக் குறுக்காகப் போவதைவிட இழையோடு பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் போகும். ஒரு தண்டின் உடல் முழுவதையும் கண்ணாடிபோல் பூசிவிட்டு இரு நுனிகளையும் திறந்து வைத்தால், கதவைப் பூட்டிவிட்டுச் சாளரத்தைத் திறந்து வைத்தது போலத்தான். அம்பில் இந்த நுனிகள் எங்கே இருக்கின்றன? முனை மாட்டும் கூம்பிலும், நாண் பதியும் பள்ளத்தின் அடியிலும். இரண்டும் கண்ணில் படாத இடங்கள். ஆகவே இரண்டையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பூசுவதற்கு முன் மரம் உலர்ந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும். தண்டுகளை உலர்ந்த அறையில் கிடையாக வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை எடை போட்டு எழுதி வாருங்கள். தொடர்ந்து மூன்று முறை எடை மாறாமல் நின்ற பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். ஈர மரத்தின் மேல் அடைத்துப் பூசினால், உள்ளே சிக்கிய ஈரம் வெயில் பட்டதும் படலத்தைத் தூக்கிக் கொப்புளமாக்கும்.

நெட்டம்பு (பதில் 2)

மேலே எழுதியவர் மரத்தைப் பற்றிச் சொன்னதற்கு நான் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. இருபது ஆண்டுகளாக மர அம்பு மட்டுமே எய்பவன் என்ற முறையில், வரிசையையும் பசையையும் பற்றி எழுதுகிறேன்.

ஈரத்தால் வளைவு மட்டுமல்ல, ஸ்பைனும் (தண்டு வளைய மறுக்கும் விறைப்பின் அளவு) மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஈரம் ஏற ஏற மரத்தின் விறைப்பு குறையும், எடையோ கூடும். ஆகவே மழைக்காலத்தில் அதே அம்பு சற்றே தாழ்ந்தும் பக்கவாட்டில் விலகியும் விழும். எய்பவர் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். இதே காரணத்துக்காக, பூச்சுக்கு முந்தைய தேய்ப்பிலும் கவனம் வேண்டும். விறைப்பு விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது, 8.7 மி.மீ. தண்டை உப்புத்தாளால் 8.5 ஆக்கிவிட்டால் விறைப்பில் ஏறக்குறைய 9 சதவீதம் போய்விடும். எனவே ஸ்பைனை அளந்து பொருத்தமான தண்டுகளைச் சேர்த்த பிறகு, 320-ஆம் எண் தாளால் பஞ்சுபோல் எழுந்த நாரை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் செய்யும் வரிசை இது. தண்டை இறுதி நீளத்தைவிட ஓர் அங்குலம் நீளமாக விட்டு, நாண்பள்ளத்துக்கான முனையை மட்டும் முதலில் செதுக்கிவிடுவேன். முனை மாட்டும் பக்கம் கீழே தொங்கும்படி பூசினால், சொட்டு திரண்டு நிற்கும் அந்த ஓர் அங்குலம் பிறகு வெட்டப்பட்டுப் போய்விடும். பூச்சு, ஒருமுனை மூடிய நீண்ட குழாயில் முக்கி எடுப்பது. லாக்கர் (கரைப்பான் ஆவியாகிக் காயும் பூச்சு) என்றால் உலோகக் குழாய் வேண்டும்; பி.வி.சி. குழாயை லாக்கர் தின்னர் இளக்கிவிடும், அந்தப் பாடத்தை நான் தரை முழுவதும் துடைத்துக் கற்றுக்கொண்டேன். எவ்வளவு மெதுவாக வெளியே இழுக்கிறோமோ அவ்வளவு மெல்லிய, சீரான படலம் நிற்கும். வேகமாக இழுத்தால் கனமாக ஏறி வழியும். குழாயின் வாயில் தண்டின் விட்டத்துக்குத் துளையிட்ட ரப்பர்த் துண்டு ஒன்றைப் பொருத்திவிட்டால் மிச்சத்தை அதுவே வழித்துவிடும். பன்னிரண்டு தண்டு மட்டும் செய்பவருக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. நீர்க்கச் செய்த பாலியூரித்தேன் வார்னிஷைத் துணியால் நான்கு முறை தேய்த்தாலே போதும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் 400-ஆம் எண் தாளால் ஒரு முறை இலேசாக வருடிவிட வேண்டும். காற்று ஈரமாக இருக்கும் நாளில் லாக்கர் வேண்டாம்: கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, அதில் பனி படிந்து, படலம் பால்போல் வெளுத்துவிடும்.

இனி, உங்கள் இறகு கழன்ற கதை. நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் குற்றம் பசையின் மீது இல்லை. வார்னிஷ் பசையோடு வந்திருக்கிறது, தண்டு வெறுமையாக இருந்திருக்கிறது. அதாவது வார்னிஷ்தான் மரத்தைப் பிடிக்கவில்லை. தேன்மெழுகுக்கு மேல் வார்னிஷ் அடித்தால் வேறு என்ன நடக்கும்? மெழுகை இறகுகள் ஒட்டி முடித்த பிறகு, இறகுக்குக் கீழ்ப்பகுதியில் மட்டும், கடைசி வேலையாகப் பூச வேண்டும். சிலிக்கோன் கலந்த மெருகுகளை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

பூச்சும் இறகுப் பசையும் ஒன்றுக்கொன்று உறவாக இருக்க வேண்டும். கரைப்பான் வாசனை தூக்கலாக உள்ள பழைய வகை இறகுப் பசை, நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை இலேசாகக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். அந்தப் பிடிப்புக்கு ஈடு இல்லை. அதே பசை, நன்றாக இறுகாத எனாமலின் மேல் பட்டால் தோல் சுருங்குவதுபோல் சுருக்கிவிடும். இறுகிய பாலியூரித்தேனை அதனால் கரைக்க முடியாது. ஆகவே இறகு உட்காரும் கோட்டை முதலில் தாளால் சொரசொரப்பாக்கிவிட்டு ஒட்ட வேண்டும். எந்தச் சேர்க்கையானாலும், வெட்டி எறிந்த துண்டு ஒன்றில் ஒரு பழைய இறகை ஒட்டி, மறுநாள் பிய்த்துப் பாருங்கள். இறகின் தண்டு கிழிந்து வந்தால் சரி.

வார்னிஷ் விரலில் ஒட்டாமல் காய்ந்தது என்பதும் முழுமையாக இறுகியது என்பதும் வேறு வேறு. எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் ஃபோம் இலக்கில் எய்தால் உரசல் சூட்டில் படலம் இளகி, அம்பைப் பிடுங்க இரண்டு பேர் வேண்டியிருக்கும்.

முனைப் பக்கம்: கூம்பை வெறும் மரமாகவே விட்டு, எபாக்சியாலோ சூட்டில் உருகும் பசையாலோ உள்ளே காற்றிடம் இல்லாதபடி நிரப்பி முனையை மாட்டுங்கள். விளிம்பில் பிதுங்கும் பசையைத் துடைத்தெறியாமல் ஒரு வளையமாக இழுத்துவிட்டால், குறுக்குவெட்டு முகம் அடைபட்டுவிடும். மரத்திலேயே வெட்டிய நாண்பள்ளமானால், அதன் அடியில் நீர்போல் மெல்லிய சூப்பர் குளூவை ஒரு சொட்டு விட்டு, அது ஊறி மறைந்ததும் இன்னொரு சொட்டு விடுங்கள். மரம் மேற்கொண்டு குடிக்காமல் பளபளவென்று நிற்கும்வரை இது தொடரும். அதன் பிறகு பள்ளத்துக்குக் கீழே நூல் சுற்றுங்கள். பருத்தி நூலின் மேல் மட்டும் சூப்பர் குளூ வேண்டாம், சட்டென்று சூடேறிப் புகையும். நூலுக்கு மெல்லிய வார்னிஷே நல்லது.

தேன்மெழுகு (பதில் 3)

மேலுள்ள இருவரும் எண்ணெயை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டார்கள். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சோதனைச் சாலையில் எண்ணெய் தோற்றுப்போகும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அம்பு என்பது அலமாரியில் இருக்கும் பொருள் அன்று. அது மண்ணில் உராயும், கல்லில் படும், மற்றோர் அம்போடு மோதும். கனமான படலத்தில் ஒரு கீறல் விழுந்தால் அந்தக் கீறலின் வழியே ஈரம் நுழைந்து, சுற்றியுள்ள படலத்தின் அடியில் பரவி, வெளியேற வழியில்லாமல் கறுத்துவிடும். அதைச் சரிசெய்ய முழுத் தண்டையும் சுரண்ட வேண்டும். எண்ணெய்த் தண்டுக்கு ஒரு துணியும் இரண்டு நிமிடமும் போதும். நான் ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் விட்டு, வளைந்தவற்றை இளஞ்சூட்டில் காட்டிக் கையால் நிமிர்த்திக்கொண்டு, பல காலமாக எய்து வருகிறேன். மர அம்பு வைத்திருப்பவர் நிமிர்த்தக் கற்றே ஆக வேண்டும். பூச்சை நம்பி அதைத் தவிர்க்க முடியாது.

ஒரு பக்கச் செய்தி. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதனின் தூணியில் பதினான்கு தண்டுகள் இருந்தன. அவற்றுள் இரண்டுதான் முழுமையாக முடிக்கப்பட்டவை. அந்த இரண்டிலும் இறகுகளை நூலால் சுற்றி, பிர்ச் மரப்பட்டையிலிருந்து வடித்த கீலால் ஒட்டியிருந்தார்கள். பசையும் நீர்த்தடுப்பும் ஒரே பொருள்! ஜப்பானியரோ மூங்கில் அம்புகளுக்கு உருஷி என்னும் மரப்பாலைப் பூசினார்கள். அது இறுகுவதற்கே ஈரக்காற்று வேண்டும் என்பது நம் லாக்கருக்கு நேர்மாறான வேடிக்கை.

புதுவில்

மூவருக்கும் நன்றி. வெளிச்சத்தில் பார்த்தேன்: வளைந்த நான்கில் மூன்றில் இழை பக்கவாட்டில் வெளியேறுகிறது. அதிலும் மிக மோசமாக வளைந்ததில் ஒரு பக்கம் முழுவதும் செம்பழுப்புக் கோடு ஓடுகிறது. குற்றம் மரத்தினுடையது, அதைத் தேர்ந்தெடுத்த என்னுடையது.

இப்போது இரண்டு ஐயங்கள். ஏற்கெனவே எண்ணெயும் மெழுகும் ஏறிய, நேராக உள்ள எட்டுத் தண்டுகளைக் காப்பாற்ற முடியுமா? அரக்கைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. அது நீர் பட்டால் வெளுத்துவிடும் என்பதால் தவிர்க்கிறீர்களா?

இழைப்புளி

காப்பாற்றலாம். டர்பன்டைனில் நனைத்த துணியால் மெழுகைத் துடைத்தெடுங்கள். ஒரே துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தால் மெழுகை இடம் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். மூன்று நான்கு முறை புதுத் துணி எடுத்து, மிக மெல்லிய எஃகு நாரால் ஒருமுறை தேய்த்து, மீண்டும் துடையுங்கள். எண்ணெய் நன்றாக இறுகியிருந்தால் அதன் மேல் எண்ணெய் வகை வார்னிஷ் பிடிக்கும். கையில் பிசுபிசுப்பு தெரிந்தால் இன்னும் இரண்டு வாரம் காத்திருங்கள்.

எண்ணெய்த் துணி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, தேன்மெழுகு அவர்களும் கவனிக்க வேண்டும். ஆளி விதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது காய்வதில் எழும் சூடு வெளியேற முடியாமல், தீக்குச்சி இல்லாமலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். இது மிகைப்படுத்தல் இல்லை. துணியை விரித்து வெளியில் காயப்போடுங்கள். அல்லது நீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

அரக்கைச் சொல்லாமல் விட்டது என் தவறு. நீர்த்துளி வேறு, நீராவி வேறு. ஈரமான கோப்பையை வைத்தால் அரக்குப் பூச்சு வெளுப்பது உண்மைதான். ஆனால் நீராவியைத் தாமதப்படுத்துவதில் அது பல வார்னிஷ்களையும் மிஞ்சும். ஆகவே அரக்கை அடியிலும் பாலியூரித்தேனை மேலும் வைத்தால், நீராவிக்கு ஒன்று, மழைக்கும் உராய்வுக்கும் மற்றொன்று என்று வேலை பங்காகிவிடும். அரக்கில் இயற்கையாகவே சிறிது மெழுகு உண்டு. பாலியூரித்தேன் அதன் மேல் பிடிக்காது. எனவே மெழுகு நீக்கிய அரக்கையே கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு ஏறக்குறைய 120 கிராம் என்று இளகலாகக் கரைத்து, மூன்று பூச்சுகள் கொடுங்கள். கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது. பழையது எத்தனை நாளானாலும் இறுகாமல் கையில் ஒட்டும். வேண்டிய அளவுக்கு மட்டும் கரையுங்கள்.

பூசிய தண்டில் கீறல் விழுந்தால் என்ன என்று தேன்மெழுகு கேட்டது நியாயமான கேள்வி. கீறலில் அன்றே ஒரு சொட்டு அரக்கைத் தொட்டு வைப்பதுதான் என் பதில்.

எங்கள் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே குச்சியிலிருந்து 20 செ.மீ. துண்டுகள் சிலவற்றை வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூச்சுக் கொடுத்து, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். கூடவே ஒரு கிண்ணத்தில் சமையல் உப்பை, கரைந்தது போக அடியில் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும்படி நீரில் குழைத்து வையுங்கள். அந்த உப்புக் குழம்பு டப்பாவுக்குள் காற்றின் ஈரப்பதத்தை 75 சதவீதத்தில் நிறுத்தி வைக்கும். நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் தராசு இருந்தால் போதும்.

நெட்டம்பு

இறகுக்கும் ஒரு வார்த்தை. தண்டை எவ்வளவு பூசினாலும், நனைந்த இறகு படிந்துவிட்டால் அம்பு திசை கெடும். இறகின் மேல் வார்னிஷ் தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; இறகு கூர்மையான தகடாகி, வில்லின் மேல் உராயும்போது கையைக் கிழிக்கும். நனைந்ததைக் கெட்டிலின் ஆவியில் காட்டினால் தானாக எழுந்து நிற்கும்.

தண்டு ஈரப்பட்டு உலர்ந்த பிறகு, எய்வதற்கு முன் இரு கைகளாலும் பிடித்து, காதருகே வைத்து, சுற்றிச் சுற்றி இலேசாக வளைத்துப் பாருங்கள். நெறுநெறுவென்ற ஒலி எழுந்தால் அதை அங்கேயே முறித்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட தண்டு நாணிலிருந்து புறப்படும்போதே முறிந்து, வில் பிடித்த கையில் பாய்ந்துவிடும். பூச்சின் பளபளப்பு அந்த விரிசலை மறைத்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

புதுவில்

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன்.

உப்புக் கிண்ணச் சோதனையைச் செய்தேன். ஐந்து துண்டுகள், ஒவ்வொன்றும் 6 கிராமுக்குச் சற்று மேல். இரண்டாம் நாள் எடுத்து எடை போட்டபோது, பூசாத துண்டு 0.21 கிராம் ஏறியிருந்தது. எண்ணெய் பூசியது 0.19. பாலியூரித்தேன் நான்கு பூச்சு, நுனிகள் அடைத்தது, 0.05, அரக்கு மூன்று பூச்சு 0.03. ஐந்தாவது துண்டுக்கு வேண்டுமென்றே உடலுக்கு மட்டும் பாலியூரித்தேன் பூசி நுனிகளைத் திறந்து விட்டிருந்தேன், அது 0.11. வெறும் இரண்டு வெட்டு முகங்கள், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை, அவ்வளவு ஈரத்தை உள்ளே இழுத்திருந்தன. நீளமான தண்டில் இந்த வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருக்காது என்பது தெரியும்; ஆனால் ஈரம் ஏறும் இடம் நாண்பள்ளத்தைச் சுற்றியல்லவா, நாண் அறையும் இடத்தில். மூன்று வாரம் கழித்து எல்லாமே மெல்ல ஏறித்தான் இருந்தன: பூசாததும் எண்ணெய் பூசியதும் 0.27-இல் ஒன்றாக நின்றன, அரக்குத் துண்டு 0.14.

தேன்மெழுகு அவர்களுக்கு: எண்ணெய்த் தண்டுகளில் இரண்டை உங்கள் முறைப்படியே விட்டு வைத்து, சூட்டில் நிமிர்த்தப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒன்று நிமிர்ந்துவிட்டது, மற்றொன்று கொஞ்சம் கருகிவிட்டது.

மீதி ஆறு தண்டுகளில் மெழுகை எடுத்து, அவற்றோடு புதிதாகச் சீவிய ஆறையும் சேர்த்து, அடியில் அரக்கும் மேலே பாலியூரித்தேனும் கொடுத்து, நாண்பள்ளங்களில் சூப்பர் குளூ ஊற்றி முடித்துவிட்டேன். பள்ளம் ஒவ்வொன்றும் ஐந்து சொட்டுக்கு மேல் குடித்தது. புகை கண்ணைக் கரித்ததால் சாளரத்தருகே உட்கார்ந்து செய்தேன். இறகு ஒட்டும் கோட்டைச் சொரசொரப்பாக்கி, துண்டில் சோதித்தபோது இறகின் தண்டு கிழிந்துதான் வந்தது. முழுதாக இறுக இன்னும் இரண்டு வாரம் இருப்பதால் ஃபோம் இலக்கின் பக்கம் போகவில்லை.

செம்பழுப்புக் கோடு ஓடிய அந்தத் தண்டு நாளுக்கு ஒரு வளைவு காட்டுகிறது. மழை வந்தால் ஒரு பக்கம், வெயில் வந்தால் மறுபக்கம். அதை எறிய மனமில்லாமல், பூச்சுக் குழாயில் வார்னிஷ் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று விட்டுப் பார்க்கும் குச்சியாக வைத்திருக்கிறேன்.